அண்ணன் சேர்ந்துவிட்டான்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்கால் வலியில் தொடங்கிச் சர்க்கரையில் முடிகிறது. ஒரு மாறுதலுக்கு இன்று நல்ல முழங்கால்களைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். என்னுடையவை அல்ல. என்னுடையவை அன்றைக்கே சரியில்லை. வாழ்நாளில் கால்பந்தை நான் ஒரே ஒருமுறைதான் உதைத்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. என் பெருவிரல் நகம்தான் போனது.

எங்கள் ஊர் மிஷன் கல்லூரி அணி தோல்வி என்றால் என்னவென்றே தெரியாமல் ஆடிய வருஷம் அது. கோயில் நடைகள் எல்லாருக்கும் திறந்துவிடப்படுவதற்குச் சற்று முன்பு. நாகர்கோவில் அப்போது திருவனந்தபுரத்து மகாராஜாவின் கீழ் இருந்தது. எங்கள் வீடு மாமாவின் கீழ் இருந்தது. நாஞ்சில் நாட்டில் சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்துப் போகிற மருமக்கள்வழி ஒழிந்து, பெற்ற பிள்ளைகளுக்குத்தான் சொத்து என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தச் சேதி மாமாவுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அவர் அதை மதிக்கவில்லை. அப்பா இருந்தார். சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், மாமா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். மிக நல்ல மனிதர். நான் அவரையே உரித்து வைத்திருக்கிறேன் என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள்.

மாமாவின் ஒரே மகள், என் மதினி, அண்ணனுக்கென்று பிறந்த அன்றே பேசி வைத்தது. அண்ணன் பரீட்சை எழுதி முடித்ததும் சித்திரையில் கல்யாணம். நாள் பேசியதிலிருந்து இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கக்கூடாது. ஒரே வீட்டில்! அண்ணனுக்கு முன்வாசல், மதினிக்குப் புறவாசல். அண்ணன் வரும் சத்தம் கேட்டால் மதினியின் கொலுசு உள்ளே ஓடும். அது எப்போதும் கொஞ்சம் மெதுவாகவே ஓடியது என்று இப்போது நினைத்தால் தோன்றுகிறது.

அண்ணனைக் கல்லூரியில் சேர்த்த அன்று மாமா அவனை நடையில் நிறுத்தி இரண்டு சத்தியம் வாங்கினார்.

“ஒண்ணு, அங்க போயி வேதத்தில சேரப்பிடாது. ரெண்டு, மாட்டுத்தோலைக் காலால சவுட்டப்பிடாது. ரெண்டுல எது செஞ்சாலும் எனக்கு நீ மருமகன் இல்ல. வெளங்கிச்சா?”

வேதத்தில் சேர்வது என்றால் கிறிஸ்தவனாவது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. மாட்டுத்தோலைச் சவுட்டுவது என்றால் பந்து உதைப்பது. முதல் சத்தியத்தை அண்ணன் சாகும்வரை காப்பாற்றினான். இரண்டாவதை மைதானத்தைப் பார்த்த அன்றே மறந்தான்.

அந்தக் காலத்துப் பந்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே ரப்பர் பை, வெளியே தோல், வாயைக் கட்ட ஒரு வார். மழையில் நனைந்தால் பூசணிக்காய் கனம். தலையால் முட்டும்போது வார்முடிச்சு நெற்றியில் பட்டால் திலகம் வேண்டியதில்லை. தோல் வெடிக்காமலிருக்கப் புன்னையெண்ணெய் பூசி வைப்பார்கள். பூட்ஸ் கிடையாது, எல்லாரும் வெறுங்கால். அணித்தலைவன் குளச்சல்காரன், கடலில் வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை. மணலில் ஓடி வளர்ந்த அவன் பாதம் அகலமாய்த் துடுப்பு மாதிரி இருக்கும். கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருந்த சாயபுவின் மகன் முன்வரிசையில். அண்ணன் பின்வரிசை. நல்ல உயரம், பனைமரம் நின்ற மாதிரி நிற்பான்.

இதெல்லாம் நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்னம்மை வடசேரிச் சந்தையிலிருந்து கொண்டுவந்த செய்திதான்.

சின்னம்மை அம்மையின் தங்கை. வெள்ளரிக்காய் வாங்கப் போனால் வெள்ளரிக்காயோடு ஊர்ச்சேதியும் வாங்கி வருவாள். அன்று அவள் பின்னால் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“கேட்டியா மக்கா, வடசேரிப் பிள்ளைவீட்டு நெட்டையன் சேர்ந்துட்டான்!”

“நெசமாட்டா? அவன் வீட்டுல தெரியுமா?”

“தெரிஞ்சா கொன்னே போடுவாவ. ரகசியமாட்டாக்கும் சேர்த்திருக்கு.”

சின்னம்மை வெள்ளரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். “அக்கா, நம்ம பய சேர்ந்துட்டான்!” என்றாள். அம்மையின் கையிலிருந்த அகப்பை அடுப்பிலிருந்த தீயல் குழம்புக்குள் விழுந்தது. எதில் சேர்ந்தான் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

பிறகு சாட்சியங்கள் குவிந்தன. அவன் நெற்றியில் எண்ணெய் வாசனை. “ஞானஸ்நானத்துக்கு எண்ணெ பூசுவாவளாம்” என்றாள் சின்னம்மை. இரண்டு முட்டங்காலிலும் தோல் உரிந்திருந்தது. “பாரு, முழங்காலு போட்டுப் போட்டு ஜெபிச்சிருக்கான்.” குளிக்கும்போது ஞானப்பாட்டு மாதிரி ஏதோ ஒன்றை முணுமுணுத்தான். ஜெயித்துத் திரும்பும்போது அணியில் எல்லாரும் சேர்ந்து பாடுவார்களாம். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு அதுதான்.

எனக்கு வருத்தமே இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் வேதக்காரனானால் கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு நம் வீட்டிலேயே சுடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். மதமாற்றத்தைப் பற்றி அதைவிடத் தெளிவான சிந்தனை எனக்குப் பிறகும் வந்ததில்லை.

ஒரு சாயங்காலம் மாமா அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

“சேர்ந்துட்டியாமே?”

பந்து விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அண்ணன் நினைத்தான். தலையைக் குனிந்து, “சேர்ந்துட்டேன் மாமா” என்றான்.

“எப்பம்?”

“ஆடி கழிஞ்சு.”

“நீயா போனியா, இழுத்தானுவளா?”

“கேப்டன் கூப்பிட்டான். ஒனக்கு நல்ல ஒசரம், வந்து நில்லுன்னான்.”

“ஒசரத்தப் பாத்தாலே சேக்கானுவ? எத்தனை பேருலே நீங்க?”

“பதினோரு பேரு.”

கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மை, “யூதாசு போக மிச்சம்!” என்றாள். அடுத்த வீட்டு வேதக்காரப் பெண்மணி அவளுக்குக் கதை எல்லாம் சொல்லியிருந்தாள்.

“விட்டுட்டு வா” என்றார் மாமா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இப்பம் விட்டா மானக்கேடு மாமா. பத்துப் பேரு என்னை நம்பியாக்கும் முன்னால போறானுவ.”

“செத்த பொறவு என்ன ஆவும்னு நெனச்சுப் பாத்தியாலே?”

“அதுக்கு முந்தி ஃபைனல் வந்துரும் மாமா” என்றான் அண்ணன்.

ஃபைனல் என்றால் நியாயத்தீர்ப்பு நாள் என்று சின்னம்மை பிறகு எங்களுக்கு விளக்கினாள்.

இதற்கிடையில் கல்லூரி ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போய்த் திருநெல்வேலிக்காரர்களை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தார்கள். கோட்டாறுச் சாயபு கொடுத்த வெள்ளைத் துணிக்கு நீலச்சாயம் முக்கிச் சட்டை தைத்திருந்தார்கள். முதல் மழையிலேயே சாயம் இறங்கி, பதினோரு பேரும் மார்பில் நீலத்தோடு கிருஷ்ணவேஷக்காரர்கள் மாதிரி நின்றார்களாம். அண்ணன் நெஞ்சில் அந்த நீலம் ஒரு வாரம் இருந்தது. அதற்குச் சின்னம்மையாலும் விளக்கம் சொல்ல முடியவில்லை. கடைத்தெருவில் வெற்றியைக் கேட்டுவிட்டு வந்து மாமாவே சொல்லுவார்: “நம்ம ஊருப் பயலுவ மண்ணைக் கவ்வ வச்சுட்டானுவளாம்!” அந்தப் பயல்களில் ஒருவன் அடுத்த அறையில் முட்டங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஊர் சந்தோஷப்பட்டது, எங்கள் வீடு இருண்டது. பூதப்பாண்டிப் பக்கம் வயலும் தோப்புமாக ஒரு இரண்டாம்தாரக்காரர் இருந்தார். மீசை நரைத்தவர். அவர் ஏற்கெனவே மதினியைக் கேட்டு ஆள் விட்டவர். மாமா அவருக்குச் சொல்லி அனுப்பினார்: வருகிற வெள்ளிக்கிழமை பேசி முடித்துக்கொள்ளலாம்.

அன்று மதினி புறவாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலைத் திருட நான் போனேன். வழக்கமாகக் கையில் அடிப்பாள். அன்று அடிக்கவில்லை.

“ஏலே, உங்க அண்ணன் நெசமாட்டே சேர்ந்துட்டாரா?”

“அவனே சொல்லிட்டாம்லா மயினி.”

கொஞ்ச நேரம் துருவினாள். சிரட்டை வந்துவிட்டது, அதையும் துருவினாள்.

“சேர்ந்தா சேரட்டும்” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? பூதப்பாண்டிக்குப் போறதுக்குப் பதிலா பள்ளிக்குப் போயிருவேன்.”

எனக்குப் புரியவில்லை. பள்ளி என்றதும் எனக்கு முதலில் தோன்றியது பிரம்பு இருக்கிற பள்ளிக்கூடம்தான். எங்கள் பக்கத்தில் மாதாகோவிலையும் பள்ளி என்பார்கள் என்பது தெரியும்; ஆனால் இவ்வளவு அமைதியான ஒரு பெண் அங்கே போகத் தயாராக இருப்பாள் என்பது என் சின்ன மண்டைக்குள் நுழையவில்லை. பெரிய மண்டைகளுக்குள்ளும் நுழையவில்லை. அவளை யாரும் எதுவும் கேட்கவே இல்லையே.

வெள்ளிக்கு முந்தைய நாள் இறுதிப் போட்டி. திருவனந்தபுரத்து அணி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. கல்லூரி மைதானத்தில் எல்லாரும் கூடி முழங்கால் போடப் போகிறார்கள் என்று சின்னம்மைக்குத் தகவல் வந்தது. மாமா வில்வண்டியைக் கட்டச் சொன்னார். “கண்ணால பாத்துட்டு வந்து பூதப்பாண்டிக்காரருக்கு வாக்குக் குடுக்கேன்” என்றார். என்னையும் ஏற்றிக்கொண்டார். கனமான பையன் பின்னால் உட்கார்ந்தால் வண்டி முன்பாரம் அடிக்காது.

மைதானம் முழுக்க ஆட்கள். மரக்கிளைகளில் ஆட்கள். திருவனந்தபுரத்துக்காரர்கள் பூட்ஸ் போட்டு டக் டக்கென்று நடந்தார்கள். எங்கள் பையன்கள் நடுவில் வட்டமாகக் கூடினார்கள். சிலர் முழங்காலிட்டார்கள். கேப்டன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். மாமா வண்டியின் கம்பியை இறுகப் பிடித்தார்.

அந்த நேரத்தில் சாயபுவின் மகன் இரண்டு கையையும் ஏந்தினான். அண்ணன் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டான்.

மாமாவின் வாய் திறந்தது. அப்படியே இருந்தது.

விசில் ஊதியது. பந்து அண்ணனிடம் வந்தது. அவன் அதை வானத்துக்கு அனுப்பினான்.

“ஏலே,” என்றார் மாமா என்னிடம், “அது பந்துல்லா?”

கூட்டத்தில் நின்ற கோட்டாறுச் சாயபு வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். “அண்ணாச்சியும் வந்துட்டியளா! நம்ம பிள்ளை ஆடுகதைப் பாக்க இப்பதான் மனசு வந்துச்சோ? அவன் டீம்ல சேர்ந்த பொறவுல்லா நம்ம ஆளுவ தோக்கவே இல்ல!”

“டீம்லயா சேர்ந்தான்?”

“பொறவு எதுல சேருவான்?”

மாமா வண்டியிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, குதித்தார். தோளில் கிடந்த நேரியலை உருவித் தலைக்குமேல் சுழற்றினார். “சவுட்டுலே! மாட்டுத்தோலுதானே, நல்லா சவுட்டு மக்கா!” என்று அவர் போட்ட கூச்சலில் காளைகள் மிரண்டன. பாவம் இரண்டிருந்தது; ஒன்று இல்லையென்றானதும் மற்றது புண்ணியமாகிவிட்டது. பல ஞானிகள் வருஷக்கணக்கில் யோசித்து எட்டாத இடத்தை மாமா ஒரு நொடியில் எட்டினார்.

ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்ப்பதே போதுமானதாக இருந்தது. எந்தப் பக்கம் கோல் விழவேண்டும் என்பதுகூட அவருக்குப் பாதி ஆட்டத்தில்தான் புரிந்தது. அதுவரை இரண்டு பக்கத்தையும் ஆசீர்வதித்தார். கடைசிக் கட்டத்தில் திருவனந்தபுரத்து ஆள் ஒருவன் எல்லாரையும் தாண்டி வந்துவிட்டான். எதிரே அண்ணன் ஒருவன்தான். பூட்ஸ் காலும் வெறுங்காலும் மோதிய சத்தம் வண்டிவரை கேட்டது. அண்ணன் விழுந்தான். பந்து கேப்டனிடம் போனது, கேப்டனிடமிருந்து சாயபு மகனிடம், அங்கிருந்து கம்பங்களுக்கு நடுவே. மைதானம் எழுந்தது. கேப்டன் மட்டும் கோல் அடித்தவனிடம் ஓடாமல் திரும்பி ஓடிவந்து அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

அந்த உற்சாகத்திலேயே மாமா சொன்னார்: “நாளைக்கு எல்லாருக்கும் நம்ம வீட்டுல சாப்பாடு. பதினோரு பேரும் வரணும்.” பூதப்பாண்டிக்கு வேறு விதமாக ஆள் போயிற்று. வீட்டில் அம்மை அழுதாள், சின்னம்மை தனக்கு முன்பே தெரியும் என்றாள், மதினியின் கொலுசு காரணமில்லாமல் புறவாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தது.

விருந்துச் சமையல் வாசனையை எழுதிக் காட்ட எனக்குத் திறமை இல்லை. எரிசேரிக்குத் தேங்காய் வறுபட்ட வாசனையும் அடைப்பிரதமனுக்கு வெல்லம் உருகிய வாசனையும் இன்றைக்கும் எங்காவது வந்தால், டாக்டர் சொன்னதை மறந்துவிடுகிறேன்.

உச்சிவேளையில் வந்தார்கள். தலையில் எண்ணெய் பூசிப் படியச் சீவி, துவைத்த வேட்டியில், அண்ணனோடு சேர்த்துப் பதினோரு பேர். மாமா வாசலில் நின்று வரவேற்றார். உள்கூடமான பட்டாசாலையில் ஒரு வரிசை இலை போட்டிருந்தது. முற்றத்தில், தொழுவத்தை ஒட்டிப் பாய் விரித்து இன்னொரு வரிசை போட்டிருந்தது.

“நம்ம பிள்ளையெல்லாம் உள்ள வாங்க” என்றார் மாமா. “மத்தவங்க முற்றத்தில. நல்ல காத்து வரும், வெசர்க்காது.”

அதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது. காற்று வரும் என்று உண்மையாகவே நினைத்தார். சாயபுவும் அவரும் இருபது முப்பது வருஷப் பழக்கம். சாயபு எங்கள் வீட்டில் இளநீர் மட்டும்தான் குடித்திருக்கிறார், அதுவும் நின்றுகொண்டே. அன்றுவரை அவருக்கு இளநீர்தான் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

கேப்டன் சிரித்துக்கொண்டே முற்றத்துப் பாயில் போய் உட்கார்ந்தான். அவனுக்கு இது புதிதல்ல. சாயபு மகன் அவன் பக்கத்தில். அண்ணன் முந்திய நாள் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு பட்டாசாலைப் படிவரை போனான். அங்கே நின்றான். திரும்பி முற்றத்துக்கு நடந்து, வரிசையின் கடைசியில் உட்கார்ந்தான். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து இடையில் உட்கார்ந்தார்கள். பட்டாசாலையில் இலைகள் மட்டும் இருந்தன.

“எந்திரிச்சு உள்ள வா” என்றார் மாமா.

“பதினோரு பேரைத்தானே மாமா கூப்பிட்டிய. ஒண்ணா ஆடினோம், ஒண்ணா உண்ணுகோம்.”

“அங்க இருந்து உண்டா எம் மக உனக்குக் கெடையாது. வெளங்கிச்சா? பூதப்பாண்டி ஒண்ணும் தூரமில்ல.”

அண்ணன் எழுந்திருக்கவில்லை. இலையில் தண்ணீர் தெளித்தான். பாதித் தண்ணீர் பாயில் விழுந்தது. “எந்திரிச்சுப் போடே மக்கா” என்று கேப்டன் மெல்லச் சொன்னான். “எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீ உனக்க காரியத்தைக் கெடுக்காத.” அண்ணன் இலையைத் தன் பக்கம் நேராக இழுத்துப் போட்டுக்கொண்டான். பரிமாறி விளம்ப வேண்டியவர்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். அம்மை என் தோளைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

அடுக்களைக் கதவு திறந்தது. மதினி பருப்புப் பாத்திரத்தோடு வந்தாள். அண்ணன் இருக்கிற இடத்துக்கு வரக்கூடாதவள் படியிறங்கி முற்றத்துக்கு வந்தாள். ஒளியவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. வரிசையின் முதல் இலை கேப்டனுடையது. குனிந்து ஒரு கரண்டி விளம்பினாள். அடுத்தது சாயபு மகன், ஒரு கரண்டி. அதற்கடுத்தவன், ஒரு கரண்டி. அண்ணனின் இலை இன்னும் தூரத்தில் இருந்தது. அவள் அங்கே பார்க்கவே இல்லை.

மாமா படியில் நின்று பார்த்தார். அவருடைய கையால் வளர்ந்தவள், பேச்சு இல்லாத பெண், அவர் பேச்சைத் தாண்டி முற்றத்தில் நிற்கிறாள். திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

“உப்பு வைக்கல்ல” என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

“இலையில உப்பு இல்லாம பருப்பு விளம்புகா பாரு. வீட்டு மானம் போகுது. ஏலே, நீ என்ன வாயைப் பாத்துட்டு நிக்க? உப்பைக் கொண்டு போ!”

அந்த ‘ஏலே’ நான்தான். உப்புச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பதற்றத்தில் கேப்டன் இலையில் ஒரு குன்றையே வைத்துவிட்டேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“கடல்பொறத்துக்காரனுக்கு உப்பு கொண்டாறியாடே மக்கா?” என்றான்.

வரிசை முழுக்கச் சிரித்தது. மதினியின் கரண்டிகூடக் கொஞ்சம் ஆடியது. மாமா சிரிக்கவில்லை. உள்ளே போனார். பட்டாசாலையில் ஆளில்லாத இலை வரிசையில், முதல் இலைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவருக்கு முந்தி யாருக்கும் சோறு விழுந்ததில்லை. முற்றத்துக் குரல்களைக் கேட்டுக்கொண்டு காலி இலையையே பார்த்திருந்தார். மதினி கடைசி இலையை நெருங்கும்போது உள்ளேயிருந்து அவர் சத்தம் வந்தது.

“ஏட்டி, மாப்பிளைக்கு விளம்பிட்டு இங்கயும் கொண்டா. எனக்கும் பசிக்கும்லா.”